டிஸ்சார்ஜ் கரண்டில் 22 கிலோஹெர்ட்ஸ் சிகரம்: பிளாஸ்மாவின் அலைவா, சர்க்யூட்டின் அலைவா?

பூன்லே_மாணவன்

எல்லாருக்கும் வணக்கம். இறுதியாண்டுத் திட்டத்துக்காக ஒரு சின்ன ஹால் த்ரஸ்டரை (செயற்கைக்கோளைத் தள்ளும் மின் உந்துபொறி) வெற்றிடக் கலனில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 200 வாட் வகை, வாயு செனான். 250 வோல்ட் கொடுத்தால் சராசரியாக 0.8 ஆம்பியர் ஓடுகிறது. வளையக் குழாயின் சராசரி விட்டம் 3 செ.மீ., சுவர் போரான் நைட்ரைடு பீங்கான்.

மீட்டரில் கரண்ட் அசையாமல் நிற்கிறது. ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் கடுமையாக ஏறி இறங்குகிறது. ஃபூரியே எடுத்து அதிர்வெண்வாரியாகப் பிரித்தேன், 22 கிலோஹெர்ட்ஸில் ஒல்லியாக, உயரமாக ஒரு சிகரம். படித்த கட்டுரைகள் எல்லாமே 10 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை வருவது 'பிரீதிங் மோடு' என்கின்றன. அதையே அறிக்கையில் எழுதலாம் என்றிருந்தேன். மேற்பார்வையாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அதுதான் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

எப்படி உறுதி செய்வது? அப்புறம், பெரிய கபாசிட்டர் ஒன்றைப் போட்டு இதை அடக்கிவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைவரிசை_ஏஎம்கே

தம்பி, பிளாஸ்மா எனக்குத் தெரியாத துறை. பவர் சப்ளை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறேன். சப்ளைக்கும் த்ரஸ்டருக்கும் நடுவில் என்ன ஃபில்டர் இருக்கிறது? காயில் எத்தனை மைக்ரோஹென்றி, கபாசிட்டர் எத்தனை மைக்ரோஃபாரட்? கரண்ட் புரோபை எங்கே மாட்டியிருக்கிறாய், ஃபில்டருக்கு முன்னாலா பின்னாலா? கேபிள் எவ்வளவு நீளம்? இவ்வளவும் தெரியாமல் அந்தச் சிகரத்துக்குப் பெயர் வைக்காதே.

தேக்கா_வாசகர்

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். 2022 ஜனவரியில் நு-எக்ஸ்1 என்ற நம் சிங்கப்பூர்ச் செயற்கைக்கோளில் அலியேனா நிறுவனத்தின் ஹால் த்ரஸ்டர் பறந்த செய்தியைப் படித்ததிலிருந்து இந்த விஷயத்தில் ஆர்வம். கேள்வி அடிப்படையானதுதான். நேர்மின்னோட்டம் கொடுக்கிறோம், வாயுவும் சீராகப் போகிறது. பிறகு ஏன் கரண்ட் ஏறி இறங்குகிறது?

ஹால்_வளையம்

ஐயா, அடிப்படையில் இருந்தே போவோம். தம்பியின் கேள்விக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

ஹால் த்ரஸ்டரில் வளையமான ஒரு குழாய். அடியில் ஆனோடு, வாயு நுழைவதும் அந்த வழியாகத்தான். வாய்க்கு வெளியே கேத்தோடு, எலக்ட்ரானை உமிழ்வது அது. உள்ளிருந்து வெளிச்சுவர் நோக்கி ஆரத் திசையில் காந்தப்புலம், வலிமை ஏறத்தாழ 200 காஸ். ஆனோடை நோக்கி ஓடிவரும் எலக்ட்ரானை இந்தப் புலம் பிடித்துக்கொள்கிறது. 20 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உள்ள எலக்ட்ரான் முக்கால் மில்லிமீட்டர் ஆரத்தில் சுற்றும். வேகம் எடுத்த செனான் அயனிக்கோ அதே புலத்தில் சுற்றுப்பாதையின் ஆரம் ஒரு மீட்டருக்கும் மேல். சில சென்டிமீட்டர் நீளக் குழாயில் அது வளைவதற்கு இடமே இல்லை, நேராக வெளியே பாய்கிறது. 300 வோல்ட் முழுவதும் கிடைத்தால் நொடிக்குச் சுமார் 21 கி.மீ. வேகம். உந்துவிசை அதிலிருந்துதான் வருகிறது. மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, எதிர்ப்படும் வாயு அணுக்களை அயனியாக்குகின்றன.

இப்போது பிரீதிங் மோடு எனப்படும் அலைவு. அயனியாக்கம் வேகமாக நடக்கும்போது அந்தப் பகுதியில் மின்னேற்றமில்லாத அணுக்கள் தீர்ந்துபோகின்றன. புது அணுக்கள் ஆனோடு பக்கத்திலிருந்து வந்தாக வேண்டும், அவற்றின் வேகமோ நொடிக்கு 200, 300 மீட்டர்தான். அவை வந்து நிரம்பும் வரை அயனியாக்கம் சரிகிறது, கரண்டும் சரிகிறது. நிரம்பியதும் எலக்ட்ரான் எண்ணிக்கை பெருகி மறுபடி பாய்ச்சல். மான் பெருகினால் புலி பெருகும், புலி பெருகினால் மான் அருகும் என்ற உயிரியல் சமன்பாட்டை ஃபைஃப், மார்ட்டினெஸ்-சான்செஸ், சாபோ ஆகிய மூவரும் 1997இல் இதற்குப் பொருத்திக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பொஃப், காரிக் இருவரும் ஒரு பரிமாணக் கணினி மாதிரியில் இதே அலைவைக் கொண்டுவந்தார்கள்.

அந்த எளிய மாதிரி ஒரு சூத்திரம் தருகிறது. அயனி வேகத்தையும் அணு வேகத்தையும் பெருக்கு, வர்க்கமூலம் எடு, அயனியாக்கப் பகுதியின் நீளத்தால் வகு, 2π ஆலும் வகு. அயனியாக்கப் பகுதியில் அயனி இன்னும் முழு வேகம் எடுத்திருக்காது. அங்கே நொடிக்கு 5 கி.மீ., அணுவுக்கு 250 மீட்டர், நீளம் 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் சுமார் 18 கிலோஹெர்ட்ஸ் வரும்.

தம்பிக்கு 22 வந்திருக்கிறது. "பார், பக்கத்தில் இருக்கிறது" என்று சொல்லத் தோன்றும். நான் சொல்ல மாட்டேன். நீளத்தைக் கொஞ்சம் குறைத்து, அயனி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் இந்தச் சூத்திரத்திலிருந்து 10 முதல் 30 வரை எந்த எண்ணையும் வரவழைத்துவிடலாம். எந்த வரம்பில் தேட வேண்டும் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

பூன்லே_மாணவன்

நன்றி அண்ணே, ஐயா. அலைவரிசை அண்ணன் கேட்டதற்குப் பதில்: 50 மைக்ரோஹென்றி காயில் தொடராக, த்ரஸ்டர் பக்கத்தில் 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் குறுக்காக. எனக்கு முன்னால் இந்தத் திட்டத்தைச் செய்தவர்கள் பெட்டியில் வைத்துவிட்டுப் போனது. கரண்ட் புரோப் ஃபில்டருக்கும் ஆனோடுக்கும் நடுவில் இருக்கிறது. கேபிள் 4 மீட்டர் இருக்கும்.

அலைவரிசை_ஏஎம்கே

கணக்கைப் போட்டுப் பார். 50 மைக்ரோஹென்றியும் 1 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் ஒத்ததிர்வு 22.5 கிலோஹெர்ட்ஸ்.

உன் சிகரம் 22இல். அதுவும் ஒல்லியாக, உயரமாக இருக்கிறது என்கிறாய். எனக்கு அதுவே சந்தேகம் தருகிறது. உன் த்ரஸ்டரின் நேர்மின் தடை 250ஐ 0.8ஆல் வகுத்தால் 300 ஓமுக்குக் கொஞ்சம் மேல். ஃபில்டரின் இயல்பு மின்மறுப்போ 7 ஓம். இவ்வளவு பெரிய தடையைக் குறுக்கே வைத்தால் ஃபில்டருக்குத் தணிப்பு கிடைக்காது. சின்னத் தூண்டல் போதும், பல சுழற்சிகளுக்கு ஆடும்.

பிளாஸ்மா ஆடவில்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கலாம். ஆனோடு வோல்டேஜையும் கரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு சானலில் பதிவு செய். 22இல் வோல்டேஜும் பெரிதாக ஆடினால் உன் பெட்டிக்கும் இதில் பங்கு உண்டு. பிறகு கபாசிட்டரை மாற்று. 4 மைக்ரோஃபாரட் ஆக்கினால் ஃபில்டர் ஒத்ததிர்வு பாதியாகி 11.25க்கு இறங்கிவிடும். சிகரமும் கூடவே 11க்குப் போனால் அது ஃபில்டருடையது. இருந்த இடத்திலேயே இருந்தால் பிளாஸ்மாவுடையது.

சிம் லிம் டவரில் ஃபிலிம் கபாசிட்டர் கிடைக்கும், 630 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து வாங்கு. எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம், இந்த அதிர்வெண்ணில் சூடேறும். மாற்றுவதற்கு முன் சப்ளையை அணைத்து, கபாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு கை வை. 250 வோல்ட் என்பது விளையாட்டில்லை.

வெற்றிடம்_துவாஸ்

நடுவில் நுழைகிறேன். கலன் பக்கம் யாரும் கேட்கவில்லையே. ஓட்டும்போது அழுத்தம் என்ன? கடைசியாகக் கலனைத் திறந்தது எப்போது? எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு இந்த அலைவைப் பதிவு செய்தீர்கள்?

காரணத்தோடுதான் கேட்கிறேன். போரான் நைட்ரைடு ஈரத்தை உறிஞ்சும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டைத் தாண்டும். கலனைத் திறந்து, மதியம் முழுக்க த்ரஸ்டரை வெளியே வைத்து வேலை பார்த்துவிட்டு மூடினால், அந்த ஈரம் மொத்தமும் சுவருக்குள் போயிருக்கும். பற்றவைத்ததும் சுவர் சூடேறி நீராவியை விட ஆரம்பிக்கும். கரண்ட் வழக்கத்தைவிட அதிகமாக ஓடும், அலைவும் முரட்டுத்தனமாக இருக்கும். சுவர் காய்ந்து அடங்கிய பிறகு எடுக்கும் பதிவுக்குத்தான் அர்த்தம் உண்டு. பதிவு எடுப்பதற்கு முன் கரண்டின் சராசரி நிலையாகிவிட்டதா என்று பாருங்கள், ஒவ்வொரு பதிவிலும் நேரத்தையும் அழுத்தத்தையும் குறித்து வையுங்கள். கலனைத் திறக்கும்போது அறைக் காற்றை விடாமல் உலர் நைட்ரஜனால் நிரப்புங்கள். இந்த ஊரில் இது கட்டாயம் என்றே சொல்வேன்.

அழுத்தமும் அப்படித்தான். சின்னக் கலனில் பம்ப் போதாமல் செனான் மிஞ்சி நின்றால், அதே வாயு குழாயின் வாய் வழியாகத் திரும்ப உள்ளே போய் அயனியாகிவிடும். நீங்கள் கொடுக்காத வாயுவுக்கும் சேர்த்து த்ரஸ்டர் ஓடும். அயனியாக்கப் பகுதியும் இடம் மாறும், அலைவும் மாறும்.

பூன்லே_மாணவன்

அக்கா, கலனைத் திறந்த அன்றே எடுத்த பதிவுதான் அது. நைட்ரஜன் போடும் வழக்கம் இங்கே இல்லை, இனிமேல் போடச் சொல்கிறேன். அழுத்தம் 10இன் அடுக்கு மைனஸ் 5 டார் வட்டாரத்தில்தான் இருந்தது. எல்லாவற்றையும் முறையாகத் திரும்பச் செய்துவிட்டு வருகிறேன்.

விண்கலம்_உட்லண்ட்ஸ்

ஒரு மாற்றுக் கருத்து. உந்துவிசை வேண்டிய அளவு வந்தால் போதாதா? 1971 டிசம்பரில் ஏவிய மெட்டியோர் செயற்கைக்கோளிலேயே சோவியத் பொறியாளர்கள் இதைப் பறக்கவிட்டார்கள். எஸ்பிடி-100 என்ற ஹால் த்ரஸ்டர் எத்தனையோ கலங்களில் ஓடியிருக்கிறது. 2023 அக்டோபரில் கிளம்பிய சைக்கி கலம் எஸ்பிடி-140 கொண்டு சிறுகோளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்டார்லிங்க் ஆயிரக்கணக்கில் ஓட்டுகிறது. எல்லாவற்றிலும் இந்த அலைவு இருந்தே தீரும். அப்படியும் வேலை நடக்கிறது. மாணவர் தன் நேரத்தை உந்துவிசையை அளப்பதில் செலவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

ஹால்_வளையம்

அலைவோடு ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கலங்களில் ஓடுவது அலைவைப் பல ஆண்டு அளந்து, அதற்கேற்ற ஃபில்டரும் சப்ளையும் கட்டிய பிறகு ஓடுகிற த்ரஸ்டர்கள். புதிதாக ஒரு த்ரஸ்டரைக் கட்டும்போது அந்த வசதி கிடையாது.

என்ன ஆகும் என்று சொல்கிறேன். கரண்டின் ஏற்ற இறக்கம் சராசரி அளவுக்கே போகலாம். சராசரி 0.8 என்றால் ஒவ்வொரு சுழற்சியிலும் பூஜ்யத்தைத் தொட்டு 1.6க்கு மேல் போகலாம். சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அந்த உச்சத்தைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அணைத்துவிடும். அடிப்புள்ளியில் பிளாஸ்மாவே அணைந்துபோகவும் வாய்ப்புண்டு. சின்னச் செயற்கைக்கோளில் பேட்டரியும் ரேடியோவும் ஒரே பெட்டிக்குள் நெருக்கிக்கொண்டு இருப்பவை, மின்காந்த இரைச்சல் அவற்றுக்குள் புகும்.

உந்துவிசை அளப்பதற்கும் இது வேண்டும். திறன் விகிதம் கணக்கிட உள்ளே போகும் மின்திறன் தெரிய வேண்டும். வோல்டேஜ் அசையாமல் நின்றால் சராசரி வோல்டேஜை சராசரி கரண்டால் பெருக்கலாம். அலைவரிசை நண்பர் சந்தேகப்படுவதுபோல் வோல்டேஜும் ஆடினால் அந்தப் பெருக்கல் தவறான விடையைத் தரும். ஒவ்வொரு கணத்திலும் இரண்டையும் பெருக்கி, பிறகு சராசரி எடுக்க வேண்டும். இரண்டு மீட்டரை மட்டும் நம்பினால் அந்த வேறுபாடு கண்ணில் படாது.

இன்னொன்று. ஆய்வகத்தில் 4 மீட்டர் கேபிள், விண்கலத்தில் சில பத்து சென்டிமீட்டர். ஆய்வகச் சப்ளை வேறு, விண்கலச் சப்ளை வேறு. தரையில் பார்த்த அலைவு சர்க்யூட்டோடு சேர்ந்து உண்டானது என்றால், மேலே போனதும் வேறு முகம் காட்டும். எது பிளாஸ்மாவுடையது, எது தரை ஏற்பாட்டுடையது என்று பிரிக்காத அலைவுத் தரவை விண்கலம் கட்டுகிறவருக்குக் கொடுக்கக் கூடாது. என் துறையில் இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

விண்கலம்_உட்லண்ட்ஸ்

திறன் விகிதக் கணக்கை நான் யோசித்ததில்லை. ஏற்றுக்கொள்கிறேன். ஒரு துணைக் கேள்வி: ஸ்டார்லிங்க் முதலில் கிரிப்டானும் பிறகு ஆர்கானும் பயன்படுத்தியது. வாயு மாறினால் அலைவு மாறுமா?

ஹால்_வளையம்

மாறும். ஒரே வோல்டேஜ், ஒரே வெப்பநிலை என்றால் அயனி வேகம், அணு வேகம் இரண்டுமே நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் போகும். செனானின் அணுநிறை 131, கிரிப்டான் 84, ஆர்கான் 40. ஆகவே அயனியாக்க நீளம் மாறாது என்று வைத்துக்கொண்டால் கிரிப்டானில் அதிர்வெண் கால் பங்கு கூடும், ஆர்கானில் 1.8 மடங்காகும். நீளம் மாறத்தான் செய்யும், இலேசான வாயுக்கள் அயனியாவது கடினம். என்றாலும் செனானுக்கு என்று கட்டிய ஃபில்டரை ஆர்கானுக்கு அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்பது இதிலிருந்தே தெரியும்.

பூன்லே_மாணவன்

அளந்துவிட்டேன்.

த்ரஸ்டரை நன்றாகச் சூடேற்றி, சராசரி நிலையான பிறகு எடுத்த தரவு இது. பழைய பெட்டியோடு 22இல்தான் சிகரம், ஆனோடு வோல்டேஜும் அதே 22இல் ஆடுகிறது. 4 மைக்ரோஃபாரட் ஆக்கியதும் சிகரம் 17க்கு இறங்கி அகலமானது. 11 பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு. வோல்டேஜ் ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. மொத்தம் 10 மைக்ரோஃபாரடாக உயர்த்தினேன். பெரிய சிகரம் 17இலேயே நின்றது, சின்ன மேடு மட்டும் 7க்குப் போனது.

10 மைக்ரோஃபாரடை வைத்துக்கொண்டே வோல்டேஜை மாற்றினேன். 200இல் ஏறத்தாழ 16, 250இல் 17, 300இல் 18க்குச் சற்றுக் கீழே. சூத்திரப்படி அதிர்வெண் வோல்டேஜின் நான்காம் மூலமாக ஏற வேண்டும். அப்படியே ஏறுகிறது. இப்போது பிரீதிங் மோடு என்று எழுதலாமா?

அலைவரிசை_ஏஎம்கே

சபாஷ் தம்பி. 7இல் இருக்கும் மேடு உன் ஃபில்டர், 50க்கும் 10க்கும் கணக்கு 7.1 வரும். 17 பிளாஸ்மாவின் சொந்த அதிர்வெண். பழைய பெட்டியில் ஃபில்டர் ஒத்ததிர்வு பக்கத்திலேயே இருந்ததால் அலைவைத் தன் பக்கம் 22க்கு இழுத்துக்கொண்டது.

உன் இரண்டாவது கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. பெரிய கபாசிட்டர் வோல்டேஜைத்தான் கெட்டியாகப் பிடிக்கிறது. த்ரஸ்டருக்கு வேண்டிய கரண்டை உடனுக்குடன் கபாசிட்டரே கொடுத்துவிடும், ஆகவே கரண்ட் தன் விருப்பப்படி ஆடும். சப்ளைக்கு அந்த ஆட்டம் தெரியாது, அவ்வளவுதான். சப்ளைப் பக்கம் புரோபை மாட்டிவிட்டு "அலைவை அடக்கிவிட்டோம்" என்று காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நீ சரியான இடத்தில் மாட்டியிருக்கிறாய்.

ஹால்_வளையம்

அருமையான வேலை. ஆனால் பெயர் வைக்க இன்னும் ஒரு படி பாக்கி. உன் த்ரஸ்டர் சின்னது என்பதால்தான் இந்தப் படி கட்டாயமாகிறது.

ஹால் த்ரஸ்டரில் வளையத்தைச் சுற்றிவரும் அலையும் உண்டு. ஸ்போக் என்பார்கள், பிரகாசமான ஒரு பகுதி ஆரக்கால் மாதிரி சுற்றும். 1966லேயே ஜேன்ஸ், லௌடர் இருவரும் இதை அளந்திருக்கிறார்கள். எலக்ட்ரான்கள் மின்புலத்திலும் காந்தப்புலத்திலுமாக வளையத்தைச் சுற்றும் வேகம் நொடிக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல். ஸ்போக்கின் வேகமோ நொடிக்கு ஒன்றிரண்டு கி.மீ. மட்டுமே. உன் வளையத்தின் சுற்றளவு சுமார் 9.4 செ.மீ. நொடிக்கு ஒன்றரை கி.மீ. வேகத்தில் ஒற்றை ஸ்போக் சுற்றினால் ஒரு புள்ளியில் தெரியும் அதிர்வெண் 16 கிலோஹெர்ட்ஸ்.

உன் சிகரம் 17இல் இருக்கிறது. பெரிய த்ரஸ்டரில் சுற்றளவு அதிகம், ஒற்றை ஸ்போக் கீழே போய்விடும், இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். உன்னுடையதில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஸ்பெக்ட்ரம் மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. நான்காம் மூலம் பொருந்துவதும் போதாது, வோல்டேஜ் மாறும்போது அயனியாக்க நீளமும் மாறும், ஆகவே அந்தப் பொருத்தத்துக்கு அதிக எடை கொடுக்காதே. பிரின்ஸ்டனில் 2.6 செ.மீ. விட்டமுள்ள உருளை வகை ஹால் த்ரஸ்டரில் ஆனோடைத் துண்டுகளாகப் பிரித்து அளந்தபோது, மொத்தக் கரண்டில் பாதிக்கும் மேல் ஸ்போக் வழியாகவே போகிறது என்று கண்டார்கள். சின்னக் கருவியில் அது ஓர் ஓரமான விஷயம் இல்லை.

பிரிப்பதற்கு வழி கட்ட வேறுபாடு, அதாவது ஒரே அலைவு ஓரிடத்தில் மற்றோர் இடத்தைவிட எவ்வளவு முன்னே பின்னே வருகிறது என்பது. பிரீதிங்கில் வளையம் முழுக்க ஒரே நேரத்தில் பிரகாசமாகி ஒரே நேரத்தில் மங்கும். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் கட்டம் ஒன்றே. ஸ்போக்கில் கோணத்துக்கேற்பக் கட்டம் நகரும். அதிவேகக் கேமரா உன் கைக்கு எட்டாது. கலனின் கண்ணாடி வழியாக லென்ஸ் வைத்து வளையத்தின் பிம்பத்தை விழவைத்து, அதில் சில இடங்களில் ஃபோட்டோடையோடு வைத்தால் போதும். பிளாஸ்மாவுக்குள் எதையும் நுழைக்க வேண்டாம். பெருக்கிச் சுற்று 200 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்க வேண்டும். எல்லா டையோடையும் கரண்ட் புரோபையும் ஒரே கணத்தில் பதிவு செய்.

கோணத்தைச் சீராகப் பிரிக்காதே. 90 டிகிரி இடைவெளியில் இரண்டை மட்டும் வைத்தால், நான்கு ஆரக்கால் உள்ள அலையும் பூஜ்ய வேறுபாடே காட்டும், பிரீதிங் என்று நம்பிவிடுவாய். ஒரு திசையில் சுற்றும் ஒற்றை ஆரக்காலும், எதிர்த்திசையில் சுற்றும் மூன்று ஆரக்காலும்கூட ஒன்றாகத் தெரியும். 0, 40, 100 டிகிரி என்று மூன்று வை. இந்தக் குழப்பம் தீரும்.

தேக்கா_வாசகர்

படிக்கப் படிக்கச் சுவையாக இருக்கிறது. 1997 மாதிரியோடு இந்தக் கேள்வி முடிந்துவிட்டதா, இன்னும் தீராதது ஏதும் உண்டா?

ஹால்_வளையம்

நிறைய உண்டு ஐயா. அந்த எளிய மாதிரியிலேயே ஓட்டை இருக்கிறது. வாயு உள்ளே வரும் உறுப்பைச் சமன்பாட்டில் சரியாகச் சேர்த்தால் அலைவு தணிந்து அடங்கிவிடுகிறது. நிஜத்தில் அடங்குவதில்லை. எலக்ட்ரான் வெப்பநிலையும் கூடவே ஆட வேண்டும் என்று ஹாராவும் அவர் குழுவினரும் 2014இல் காட்டினார்கள்.

அதைவிட ஆழமானது வேறொன்று. காந்தப்புலம் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்கிறது என்றேன். ஆனாலும் அவை ஆனோடைச் சென்று சேர்கின்றன, இல்லையேல் கரண்டே ஓடாது. அணுக்களோடு மோதி மோதி நகர்கின்றன என்று கணக்கிட்டால் அளந்த கரண்ட் வருவதில்லை, மிகக் குறைவாக வருகிறது. யாரோ தள்ளிவிடுகிறார்கள். அது பிளாஸ்மாவிலேயே எழும் மிக நுண்ணிய அலை என்பது இப்போது பெரும்பாலோர் கருத்து. மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண், மில்லிமீட்டர் அலைநீளம், வளையத்தைச் சுற்றி ஓடும் எலக்ட்ரான் ஓட்டத்திலிருந்தே பிறப்பது. 2004இல் ஆடம், ஹெரோன், லவால் மூவரும் துகள் உருவகப்படுத்துதலில் இதைக் காட்டினார்கள். பிறகு பிரான்சில் லேசர் ஒளிச்சிதறல் வழியாக ட்சிகாட்டா குழுவினர் நேரிலேயே அளந்தார்கள். 2019இல் ஏழு குழுக்களின் கணினி நிரல்கள் ஒரே கணக்கைப் போட்டு விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தன. விடைகள் நன்றாக ஒத்துப்போயின. அப்படியும், ஒரு புதுத் த்ரஸ்டரின் வரைபடத்தைக் கொடுத்து, "எலக்ட்ரான் எவ்வளவு கசியும்?" என்று கேட்டால், அளந்து பார்க்காமல் நம்பகமாகச் சொல்லும் மாதிரி இன்றுவரை இல்லை. ஆகவேதான் ஒரு மாணவரின் 17 கிலோஹெர்ட்ஸ் சிகரத்துக்கு நான் இவ்வளவு நேரம் செலவிடுகிறேன்.

பூன்லே_மாணவன்

அந்த மெகாஹெர்ட்ஸ் அலை என் கரண்ட் புரோபில் தெரியுமா அண்ணே?

ஹால்_வளையம்

நேராகத் தெரியாது. மில்லிமீட்டர் அலைநீளத்தில் வளையம் முழுக்க ஏற்றமும் இறக்கமும் அடுத்தடுத்து இருக்கும், மொத்தக் கரண்டில் அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆனால் சில நூறு கிலோஹெர்ட்ஸில், அயனிகள் குழாயைக் கடக்கும் நேரத்தோடு ஒட்டிய அலைவுகள் உண்டு. பதிவு வேகம் குறைவாக இருந்தால் அவை மடிந்து கீழே வந்து போலிச் சிகரமாக நிற்கும். நொடிக்கு ஒரு லட்சம் மாதிரி எடுத்தால் 50 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எல்லாமே கீழே விழும். நொடிக்கு 1 கோடி எடு, அந்த மாதிரி வேகத்தின் பாதிக்கு மேலுள்ளதை வெட்டும் வடிகட்டியையும் முன்னால் வை. பதிவைத் துண்டு துண்டாகப் பிரித்து ஸ்பெக்ட்ரங்களைச் சராசரி செய். ஒரே நீளமான ஃபூரியேயில் வரும் முள்ளெல்லாம் உண்மை இல்லை.

பூன்லே_மாணவன்

மூன்று ஃபோட்டோடையோடும் வைத்து எடுத்துவிட்டேன். வழக்கமான காந்தக் கரண்டில் (காந்தச் சுருளில் ஓடும் கரண்ட்), 17 கிலோஹெர்ட்ஸில் மூன்றுக்கும் கட்ட வேறுபாடு பிழை வரம்புக்குள் பூஜ்யம். டிஸ்சார்ஜ் கரண்டோடும் இறுக்கமாக ஒத்துப்போகிறது. காந்தக் கரண்டைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் 17 தாழ்ந்து, 12 பக்கத்தில் இன்னொன்று எழுகிறது. அங்கே 40 டிகிரிக்கு 40, 100 டிகிரிக்கு 100 என்று கட்டம் நகர்கிறது. கரண்ட் புரோபில் அந்த 12 அநேகமாகத் தெரியவே இல்லை.

ஹால்_வளையம்

17 பிரீதிங். தயங்காமல் எழுது. 12 ஒற்றை ஸ்போக். சுற்றளவால் பெருக்கிப் பார், நொடிக்கு 1.1 கி.மீ. வருகிறது. கரண்டில் தெரியாததும் சரியே, ஆரக்கால் வளையத்தில் எங்கே இருந்தாலும் மொத்தக் கரண்ட் ஏறத்தாழ அதேதான். காந்தப்புலத்தை மாற்றினால் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவுவதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எச்6 என்ற பெரிய த்ரஸ்டரில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உன் 200 வாட் கருவியில் அந்தத் தாவல் எந்தக் காந்தக் கரண்டில் நடக்கிறது என்பதைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் தனித்தனியாக அளந்து போடு. இரண்டும் ஒரே புள்ளியில் வராமல் போகலாம்.

வெற்றிடம்_துவாஸ்

அதே தாவல் புள்ளியை வேறு இரண்டு அழுத்தங்களிலும் எடுங்கள். செனானை ஆனோடு வழியாக விடாமல் கலனுக்குள் தனியாகக் கொஞ்சம் கசியவிட்டால் அழுத்தத்தை மட்டும் உயர்த்தலாம், பம்பைத் தொட வேண்டாம். புள்ளி நகர்ந்தால் கலனும் இதில் பங்காளி என்று தெரிந்துவிடும்.

அலைவரிசை_ஏஎம்கே

வரைபடத்துக்குக் கீழே காயில், கபாசிட்டர் மதிப்பு, கேபிள் நீளம், புரோப் மாட்டிய இடம் நான்கையும் அச்சிடு. பழைய பெட்டியோடு எடுத்த 22 கிலோஹெர்ட்ஸ் பதிவையும் தூக்கி எறியாதே, 17இன் பக்கத்திலேயே போடு. உனக்கு அடுத்து அந்தப் பெட்டியைக் கையில் எடுக்கும் மாணவருக்கு அது வேண்டும்.

பூன்லே_மாணவன்

மூன்றையும் செய்கிறேன். கலன் அடுத்த வாரம் எனக்குக் கிடைக்கிறது. அழுத்தத் தரவு வந்ததும் இங்கேயே பதிகிறேன் அக்கா.